அரண்மனையின் பின்கட்டு

அரண்மனை பார்க்க நான் சீனாவுக்குப் போகவில்லை. மகளைக் கூட்டிக்கொண்டு வரப் போனேன். திரும்பி வந்ததிலிருந்து சித்தூரில் எல்லாரும் என்னிடம் அரண்மனையைத்தான் கேட்கிறார்கள். ஆள் ஏன் வரவில்லை என்று நேராகக் கேட்க யாருக்கும் வாய் வரவில்லை. எனக்கும் அது வசதியாகப் போயிற்று. அரண்மனையைப் பற்றி எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசுகிறேன்.

டெலிபோன் இலாகாவில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். மனைவி இறந்து நாலு வருஷம் ஆகிறது. ஒரே மகள். இன்ஜினீயரிங் படித்துவிட்டு ஸ்ரீசிட்டியில் ஒரு சீனக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். திருப்பதியில் ஹாஸ்டலில் தங்கிக்கொண்டு கம்பெனி பஸ்ஸில் போய் வந்தாள். சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வருவாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை, கறிக்குழம்பு, ஒரு தூக்கம், அப்புறம் திருப்பதி பஸ். அதுவே எனக்குப் போதுமானதாக இருந்தது. பெண் கெட்டிக்காரி என்று அந்தக் கம்பெனிக்காரன் கண்டுபிடித்து, இரண்டு வருஷத்துக்கு பீஜிங் தலைமை ஆபீசுக்கு அனுப்பிவிட்டான். கெட்டிக்காரியாக வளர்த்தது யார் குற்றம்?

இரண்டு வருஷம் முடியப்போகிற சமயத்தில் போன் செய்தாள். இன்னும் மூன்று வருஷம் இருக்கச் சொல்லிக் கம்பெனியில் கேட்கிறார்களாம்.

"நீ இன்னா சொன்ன?" என்று கேட்டேன்.

"இன்னும் ஒண்ணும் சொல்லல நைனா. நீ ஒரு வாட்டி வந்து பாத்துட்டுப் போயேன்."

வந்து பார் என்றால் என்ன அர்த்தம்? வந்து கூட்டிக்கொண்டு போ என்றுதான் அர்த்தம். அப்படித்தான் நான் எடுத்துக்கொண்டேன். அன்றைக்கே அவளுடைய கட்டிலை வெயிலில் போட்டு மூட்டைப்பூச்சி மருந்து அடித்தேன்.

பாஸ்போர்ட்டுக்குத் திருப்பதிக்குப் போனேன். கவுண்டரில் இருந்தவர் என் வயதைப் பார்த்துவிட்டு, "சைனாகா? எந்துக்கு சார்?" என்று தெலுங்கில் கேட்டார். சைனாவுக்கா, எதற்கு என்று. அந்த ஆபீசுக்கு வருகிறவர்களெல்லாம் துபாய், குவைத், அமெரிக்கா என்பார்கள் போலிருக்கிறது. "மா பாப்ப அக்கட உந்தி. தீஸ்கொனி ராவாலி" என்றேன். பாப்பா அங்கே இருக்கிறாள், கூட்டி வர வேண்டும். அவர் தலையை ஆட்டிவிட்டு, போய்விட்டு வாருங்கள் என்று மரியாதையாகச் சொன்னார்.

எங்கள் சபையில் யாராவது வெளியூர் புறப்பட்டால் முதல் நாள் அவர்கள் வீட்டில் ஜெபக்கூட்டம் வைப்பது வழக்கம். சபை ஐயர் வந்தார். பெண்கள் சங்கத்தில் பாதிப் பேர் வந்தார்கள். டீயும் நிப்பட்டும் கொடுத்தேன்; மற்ற ஊர்களில் அதைத் தட்டை என்பார்கள். ஐயர் கண்ணை மூடிக்கொண்டு, "ஆண்டவரே, உமது அடியான் தன் மகளைச் சுகபத்திரமாய் அழைத்துக்கொண்டு வீடு திரும்பக் கிருபை செய்யும்" என்று ஜெபித்தார். எல்லாரும் ஆமென் என்றார்கள். என் ஆமென்தான் எல்லாவற்றையும் விடச் சத்தமாக இருந்தது. மீதி நிப்பட்டை ஒரு டப்பாவில் போட்டு மகளுக்கு எடுத்துக்கொண்டேன்.

பீஜிங்கில் அவள் இருந்தது ஒரு பெரிய கட்டடத்தில், ரொம்ப உயரத்தில். ஒரே அறை. அதிலேயே கட்டில், அதிலேயே அடுப்பு. கட்டிலை எனக்குக் கொடுத்துவிட்டு அவள் சோபாவில் படுத்துக்கொண்டாள். காலையில் எனக்குச் சோறு வடித்துவிட்டு ஆபீஸ் போனால் பொழுது சாய்ந்துதான் வருவாள். நான் ஜன்னல் பக்கம் குந்திக்கொண்டு கீழே போகிற கார்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன். லிப்டில் கூட வருகிறவர்களிடம் சிரித்தேன். ஒருத்தரும் சிரிக்கவில்லை. சித்தூரில் தனியாக இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அங்கேயாவது பால்காரன் ஒரு வார்த்தை பேசுவான்.

இந்தத் தனிமையில் இரண்டு வருஷம் இருந்தாளே என்று நினைத்துக்கொண்டேன். இன்றைக்குக் கேட்கலாம், இன்றைக்குக் கேட்கலாம் என்று தினமும் நினைப்பேன். அவள் வந்து பையைப் போட்டுவிட்டு உட்காரும்போது முகம் வாடிப்போயிருக்கும். சாப்பிடட்டும் என்று விடுவேன். சாப்பிட்டதும் தூங்கட்டும் என்று விடுவேன். அவளும் அதைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை. கடைசியில் அவளே ஒருநாள் லீவு போட்டு, "வா நைனா, ராஜா அரண்மனையைக் காட்டறேன்" என்றாள். திங்கட்கிழமை அவள் கம்பெனிக்குப் பதில் சொல்ல வேண்டும். அதனால் அரண்மனையில் வைத்துக் கேட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். "போதும்மா, வா, வூட்டுக்குப் போலாம்." இவ்வளவுதான் வசனம். பல் தேய்க்கும்போதே இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

நான் அதற்கு முன் பார்த்த அரண்மனை கார்வேட்டிநகரத்தில் இருப்பது ஒன்றுதான். அதையும் வேலைக்குப் போகிற வழியில் வெளியிலிருந்து பார்த்ததோடு சரி. இது வேறு. வாசலைத் தாண்டினால் மைதானம். மைதானத்தைத் தாண்டினால் ஒரு மண்டபம். அப்பாடா என்று நின்றால் அதற்குப் பின்னால் இன்னொரு மைதானம், இன்னொரு மண்டபம். மகள் ஒவ்வொன்றுக்கும் பேர் சொன்னாள். இங்கேதான் ராஜா பட்டம் கட்டிக்கொள்வார், இங்கேதான் தர்பார் என்றாள். எனக்கு அதெல்லாம் கலெக்டர் ஆபீஸ் மாதிரிதான் தெரிந்தது. எங்கே பார்த்தாலும் ஜனம். பழைய காலத்து ராணி வேஷம் வாடகைக்கு எடுத்துப் போட்டுக்கொண்டு பெண்பிள்ளைகள் கும்பல் கும்பலாகப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவ்வளவு பெரிய தலை அலங்காரத்தை வைத்துக்கொண்டு ஒருத்தி ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"இந்த ராஜா எங்கதான் படுப்பாரு?" என்று கேட்டேன்.

"அது பின்னால கீது. அதைத்தான் நீ பாக்கணும்" என்றாள்.

பின்கட்டுக்குள் நுழைந்ததும் எல்லாம் சிறுத்துப்போயிற்று. இரண்டு பக்கமும் சிவப்புச் சுவர், நடுவே நீளமான சந்து. சந்தில் ஒரு கதவு. கதவுக்குள்ளே ஒரு முற்றம், முற்றத்தைச் சுற்றித் தாழ்வான வீடுகள். முற்றத்தில் ஒரு மரம். அதன் இலையெல்லாம் உதிர்ந்து, தக்காளி மாதிரிப் பழங்கள் மட்டும் தொங்கின. மகள் பேர் சொன்னாள், மறந்துவிட்டது. இப்படி முற்றம் முற்றமாக, ஒவ்வொன்றிலும் ஒரு ராணியோ அவளுக்குக் கீழே உள்ளவளோ இருந்தாளாம். நம் மிஷன் காம்பவுண்டில் வரிசையாக வீடுகள் இருக்குமே, அந்த மாதிரிதான். ஒரு முற்றத்துக்காரி அடுத்த முற்றத்துக்குப் போவதென்றால்கூட ஆயிரம் கெடுபிடி என்றாள் மகள்.

"அப்பா அம்மா வந்து பாப்பாங்களா?"

"அவ்ளோ சுலபமா வுடமாட்டாங்க நைனா. கொண்டாந்து வுட்டா வுட்டதுதான்."

அவள் எதையோ யோசித்துக்கொண்டே அதைச் சொன்னாள். நான் மேலே கேட்கவில்லை.

அறைகளுக்குள் யாரையும் விடுவதில்லை. கல் மேடையில் ஏறி நின்று ஜன்னல் கண்ணாடி வழியாகப் பார்க்க வேண்டும். ஜனங்கள் நெற்றியைக் கண்ணாடியில் ஒட்டவைத்து, பக்கத்தில் கையை மறைப்பாக வைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள். உள்ளே ராணியின் படுக்கை இருக்கிறது என்று மகள் சொன்னாள். சொல்லிவிட்டு முன்னால் போனாள்.

இந்த இடத்தில் என் வேலையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். செல்போன் வராத காலத்தில் சித்தூரில் நான் நுழையாத வீடு இல்லை. டெலிபோனை எங்கே வைப்பார்கள்? பெரிய மனிதர் வீடென்றால் கட்டிலுக்குப் பக்கத்தில். நேராகப் படுக்கையறைக்குள்தான் போக வேண்டும். அதற்கென்று ஒரு முறை உண்டு. செருப்பை வாசலில் விடு. கண்ணை ஒயரில் வை. கட்டிலைப் பார்க்காதே, கொடியில் தொங்குகிற துணியைப் பார்க்காதே. புருஷனும் பெண்டாட்டியும் அடித்துக்கொண்டாலும் ஒயரைப் பார். வேலையில் சேர்ந்த புதிதில் பழகியது. அது கையோடு காலோடு ஒட்டிக்கொண்டுவிட்டது.

முன்னால் இருந்த மண்டபங்களில் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஆனால் உள்ளே ஒருத்தி படுத்திருந்த கட்டில் இருக்கிறது என்று காதில் விழுந்ததும் என் கால் தானாக நின்றுவிட்டது. மேடைப் படிக்கட்டு ஓரமாகக் குந்தி, திருப்பதியில் இந்தப் பயணத்துக்கென்று வாங்கிய புது ஷூவைக் கழற்றி, ஜோடியாக ஓரத்தில் வைத்துவிட்டு, சாக்ஸோடு மேலே ஏறினேன். கல் ஜில்லென்று இருந்தது. ஜன்னலுக்கு முன்னால் போய் நின்றேன். நின்று என்ன செய்தேன்? ஜன்னல் சட்டத்தைப் பார்த்தேன். கட்டிலைப் பார்க்க எனக்குக் கண் போகவில்லை.

பின்னால் ஒரு சத்தம். யூனிபார்ம் போட்ட காவல்காரம்மா ஒருத்தி என் ஷூவைக் காட்டி என்னென்னவோ கத்துகிறாள். ஜனங்கள் திரும்பிப் பார்த்தார்கள். ராணி வேஷக்காரி ஒருத்தி என்னைப் போட்டோ எடுத்தாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. தமிழில் "போட்டுக்கறேம்மா, போட்டுக்கறேன்" என்றேன். பிறகு தெலுங்கிலும் சொன்னேன், அது எதற்கென்று எனக்கே தெரியாது. பீஜிங்கில் ஒருத்திக்குத் தமிழ் புரியவில்லை என்றால் தெலுங்கு மட்டும் புரியுமா?

மகள் ஓடிவந்தாள். வந்தவள் அந்தக் காவல்காரம்மாவிடம் சீன மொழியில் பேச ஆரம்பித்தாள். கடையில் இரண்டு வார்த்தை பேசிக் கேட்டிருக்கிறேன். இப்படி நிறுத்தாமல் பேசி அதுவரை கேட்டதில்லை. முதலில் கோபமாகப் பேசினாள். அப்புறம் என்னைக் காட்டி என்னவோ சொன்னாள். அப்புறம் சிரித்தாள். காவல்காரம்மாவும் சிரித்துவிட்டாள். மகள் அவள் கையைத் தொட்டு இன்னும் ஏதோ சொல்ல, அந்த அம்மா என் தோளைப் பிடித்துப் படியில் உட்காரவைத்தாள். எனக்குக் கழற்றத்தான் வரும், குனிந்து கயிறு கட்ட முடியாது. மகள் கீழே குந்தி என் ஷூவுக்குக் கயிறு கட்டிவிட்டாள்.

"இன்னாம்மா சொன்ன அவகிட்ட?"

"எங்க ஊர்ல ஒருத்தர் படுக்கற ரூமுக்குச் செருப்போட போவமாட்டாங்க, எங்க நைனாவுக்கு ராணி ரூமும் ஒண்ணுதான், பக்கத்து வூட்டு ரூமும் ஒண்ணுதான்னு சொன்னேன்."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனால் எனக்கு அந்த வார்த்தை மனதில் நிற்கவில்லை. அவள் பேசிய பேச்சுதான் நின்றது. இவள் இந்த ஊர்க்காரியாகிவிட்டாள் என்று நினைத்தேன். எவ்வளவு லேசாகப் பேசுகிறாள், எப்படிக் கையைத் தொட்டுச் சிரிக்கிறாள். இவளைக் கொண்டுபோய்ச் சித்தூரில் வைத்து என்ன செய்யப்போகிறேன்? எனக்கு ரசம் வைத்துக் கொடுக்கவா? மூன்று முற்றம் தாண்டும்வரை இதே யோசனை. அவள் எதையோ காட்டிக்கொண்டே வந்தாள். நான் தலையை ஆட்டிக்கொண்டே போனேன்.

கடைசியில் தோட்டம். ராஜா வீட்டுப் பெண்கள் காற்று வாங்க வந்த இடமாம். தோட்டம் என்றால் பூ இருக்கும் என்று நினைத்துப் போனேன். பூ குறைவு. முறுக்கிக்கொண்டு நிற்கிற கிழட்டு மரங்கள், கல்லை அடுக்கிச் செய்த ஒரு சின்னக் குன்று, குன்றின் உச்சியில் ஒரு மண்டபம். வருஷத்துக்கு ஒரு தடவை அதில் ஏறி ஊரைப் பார்ப்பார்களாம். தரையில் கூழாங்கல் பதித்துப் பூவும் பறவையுமாகப் படம் போட்டிருந்தார்கள். அந்தப் பெண்கள் வெளியே வந்தால் இவ்வளவுதான் வெளி என்று எனக்குப் பட்டது. சுற்றிலும் அதே சிவப்புச் சுவர். மனசுக்குக் கஷ்டமாக இருந்தது.

ஒரு மரத்தடியில் கல் திட்டில் உட்கார்ந்தோம். அவள் பையிலிருந்து டப்பாவை எடுத்தாள். நான் கொண்டுவந்த நிப்பட்டுதான். ஆளுக்கு ஒன்று கடித்தோம். வந்த அன்றே சாப்பிட்டுத் தீர்த்திருப்பாள் என்று நினைத்திருந்தேன். தினம் ஒன்றாகச் சாப்பிட்டாள் போலிருக்கிறது.

"இன்னா நைனா, பேசாம குந்திக்கினு கீற?"

"காலு வலி."

"திங்கக்கெழம ஆபீஸ்ல பதில் சொல்லணும்."

"தெரியும்."

"நீ இன்னா சொல்ற?"

இதற்குத்தானே வந்தேன். வசனம் நாக்கு நுனியில் இருந்தது. ஐயரும் பெண்கள் சங்கமும் ஆமென் சொன்ன வசனம். ஆனால் நான் அதைச் சொல்லவில்லை. "இருந்துட்டு வா" என்றேன். "இங்க உனக்கு எல்லாம் பழகிட்டுது. அங்க வந்து இன்னா பண்ணப் போற?"

"நீ தனியா கீறியே."

இந்த இடத்தில் பலமாக ஒரு பொய் சொன்னால்தான் அவள் கவலையில்லாமல் இருப்பாள் என்று எனக்குத் தோன்றியது. சாதாரணப் பொய் சொன்னால் கண்டுபிடித்துவிடுவாள். "தப்பா எடுத்துக்காதம்மா. எனக்குத் தனியாவே பழகிப்போச்சு. வூட்ல இன்னொரு ஆள் இருந்தா இப்பல்லாம் தொந்தரவா கீது. டிவி வெச்சாலும் தொந்தரவு, லைட் போட்டாலும் தொந்தரவு. என் பாட்டுக்கு எழுந்து, என் பாட்டுக்குத் துன்னு, படுத்துக்கறேன்."

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "நெஜமாவா?"

"பொய் சொல்லி எனக்கு இன்னா ஆவணும்?"

டப்பாவை மூடிப் பையில் வைத்தாள். மடியில் விழுந்த தூளைத் தட்டினாள். "சரி நைனா" என்றாள். அப்புறம் எழுந்து நின்று, வெளியே போகும் வாசல் வடக்குப் பக்கம் இருக்கிறது என்று கையைக் காட்டினாள்.

எனக்கு அப்போது பெருமையாக இருந்தது, அதைச் சொல்ல வெட்கமில்லை. பெற்ற பிள்ளைக்காகப் பெரிதாக ஒன்றைச் செய்துவிட்டேன் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன். விமான நிலையத்தில் அவள் என் கையை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்பனை அனுப்புகிற பெண் அப்படித்தான் நிற்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

சித்தூரில் வந்து கதவைத் திறந்தால் வீடு வெறிச்சென்று கிடந்தது. அவள் கட்டிலில் நான் போட்டுவிட்டுப் போன புது விரிப்பு மடிப்பு கலையாமல் இருந்தது. கூடத்தில் நின்று அழுதேன். கேட்க யாரும் இல்லாததால் சத்தமாகவே அழுதேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வரும்போது ஐயர் என் கையைக் குலுக்கி, பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்தார். "பாப்பாவுக்கு அங்க ரொம்பப் புடிச்சிருக்குதுங்க ஐயா. அரண்மனைக்குக் கூட்டிக்கினு போனா" என்றேன். பெண்கள் சங்கத்து அம்மாக்கள் சூழ்ந்துகொண்டார்கள். மைதானம், மண்டபம், தக்காளி மாதிரிப் பழம், ஷூ விஷயம் எல்லாம் சொன்னேன். ஷூ விஷயத்துக்கு நன்றாகச் சிரித்தார்கள். அதிலிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும் அதைச் சொல்லச் சொல்கிறார்கள்.

போன வாரம் சாயங்காலம் மகள் போன் செய்தாள். நான் அப்போதுதான் காலைச் சோற்றில் மோர் விட்டுப் பிசைந்துகொண்டிருந்தேன்.

"நைனா, மூணு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுட்டேன்."

"நல்லதும்மா. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்றேன்.

"ஒண்ணு சொல்றேன், சிரிக்காத. நீ வர்றதுக்கு முன்னாடியே வூட்டுக்காரம்மாகிட்ட ரூமை காலி பண்றேன்னு சொல்லிட்டிருந்தேன். நீ போற பிளைட்லயே எனக்கும் டிக்கெட் பாத்து வெச்சிருந்தேன். நீ வந்து 'வா, போலாம்'னு கூப்பிடுவ, உங்கூடவே கெளம்பிடலாம்னு நெனச்சிக்கினு இருந்தேன்." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். "நல்ல வேளை, தோட்டத்துல உண்மைய சொன்ன. இல்லன்னா பைத்தியக்காரி மாதிரி வந்து உனக்குத் தொந்தரவா இருந்திருப்பேன்."

சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தேன். இப்போது சொன்னால் என்ன, வா என்று ஒரு வார்த்தை. கையெழுத்துப் போட்டாயிற்று என்கிறாளே.

"நைனா? நான் பேசறது கேக்குதா?"

"கேக்குதும்மா" என்றேன்.